வலிமையைத் தாங்குவது கீற்றணிதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். லேசர் துடிப்பை நீட்டி, வலுவேற்றி, மறுபடி சுருக்கும் முறையைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1985-இல் ஜெரார்டு மூரூவும் டோனா ஸ்டிரிக்லாண்டும் கண்டு, 2018-இல் நோபல் பரிசு பெற்ற அந்த வேலையை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி எழுதியிருந்தீர்கள். ஆனால், சுருக்கும் வேலையைச் செய்கிற கீற்றணிக்கு, அதாவது நுண்ணிய வரிகள் நெருக்கமாகக் கொண்ட தட்டுக்கு, கட்டுரையில் ஒரே வரிதான். அதுவும், வெப்பத்தில் உருகிவிடும் என்பதோடு முடிந்துவிட்டது.

பத்தமடைப் பட்டுப்பாயில் கோரைகள் நெருங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய கீற்றணியில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் உண்டு. வலுவேறிய ஒளி முழுவதும் கடைசியில் வந்து விழுவது அவற்றின் மேல்தான். தங்கம் பூசியது என்றால் நீங்கள் எழுதியது சரி: தங்கம் ஒளியைக் கொஞ்சம் உறிஞ்சும், சூடேறும், உருகும். மின்கடத்தாப் படலங்களை அடுக்கிச் செய்த கீற்றணியில் அப்படியில்லை. பிக்கோ நொடிக்கும் (நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) குறைந்த துடிப்பில் வெப்பம் பரவ நேரமே கிடையாது. ஒளியின் மின்புலமே எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுத்துவிடுகிறது. அந்தப் புலம் வரிமேட்டின் பக்கச் சுவரில் குவிவதால் முதல் காயமும் பெரும்பாலும் அங்கேதான். விழுந்த தழும்பு அடுத்தடுத்த துடிப்புகளில் அகன்றுகொண்டே போகும்.

அதனால்தான் ஒளியை அகலப் பரப்பி விழச் செய்கிறார்கள். 1996-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் லேசரின் வலுவில் ஒரு பெட்டாவாட்டை (நூறு கோடி மெகாவாட்) தாண்டியபோது, கீற்றணிகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்! லேசரை வலுவாக்குவதில் பாதிப் பாடு இந்தத் தட்டைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் நான் பாடம் எடுத்த நாளில், அங்குலத்துக்கு 15,000 வரிகள் கொண்ட கீற்றணி ஒன்றில் மாணவன் ஒருவனின் கட்டைவிரல் பட்டுவிட்டது. பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தான். சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு, அதுவரை இரட்டையாகப் பிரிந்து தெரிந்தது, அந்த இடத்தில் மங்கிப்போனது. பிறகு தெளியவே இல்லை. எங்களுக்கு ஒரு கோடு மங்கியதோடு போயிற்று. பெரிய லேசரில் அத்தகைய அழுக்கு ஒன்றே முதல் தழும்புக்கு வித்தாகிவிடும்.

உருகுதல் பற்றிய வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். நுண்ணோக்கியில் எடுத்த, தழும்பு விழுந்த கீற்றணியின் படம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு வந்து விழி விரியப் பார்க்கும் பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை