பேஸ்மேக்கர் வைக்கும் முன்: இதய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இதய மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் மனைவிக்கு அப்போது 41 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. ஒருநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். கருகிய வாடை வந்த பிறகுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36. ‘ஹார்ட் பிளாக்’ என்றார்கள். ரத்தக்குழாய் அடைப்பு என்று நினைத்துக்கொண்டேன். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்கவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

மறுநாளே பேஸ்மேக்கர் வைத்தார்கள். உயிர் பிழைத்தாள், அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் கருவியின் சீரியல் நம்பர்கூட இருக்கிறது, ஹார்ட் பிளாக் ஏன் வந்தது என்று ஒரு வரி இல்லை.

எட்டு மாதம் கழித்து துடிப்பு 200-ஐத் தாண்டி, ஷாக் கொடுத்துத்தான் மீட்டார்கள். அப்போதுதான் ஒரு மருத்துவர் பழைய கதையைக் கேட்டார். நான்கு வருடம் முன்பு நெஞ்சுக்குள் நெறிக்கட்டி வந்து, ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டும் கரையவில்லை. அது டிபி அல்ல, சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய். இரண்டிலும் செல்கள் திரண்டு சிறு முடிச்சுகளாகும் என்பதால் குழப்பம் வருவது இயல்புதான். அந்த முடிச்சுகள் இதயத் தசையிலும் படரும். மின்பாதையில் விழுந்தால் துடிப்பு குறைந்துவிடும். தழும்பானால் தாறுமாறாக ஓடும்.

60 வயதுக்குள், காரணம் தெரியாமல் ஹார்ட் பிளாக் வந்தால் இந்த நோயைத் தேடச் சொல்லி அமெரிக்காவின் ஹார்ட் ரிதம் சொசைட்டி 2014-லேயே வழிகாட்டியது. எக்கோ சரியாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். நோயாளியின் நிலைமை இடம் கொடுத்தால் கருவி வைக்கும் முன்பே எம்ஆர்ஐ எடுங்கள். வைத்த பிறகு படம் தெளிவாக வருவது கடினம். நோய் இருந்தால் வெறும் பேஸ்மேக்கர் போதுமா, ஷாக் கொடுக்கும் ஐசிடி வேண்டுமா என்பதையும் அப்போதே முடிவு செய்யலாம்.

பெட் ஸ்கேனுக்கு அனுப்பும்போது சாப்பாட்டைப் பற்றி உட்கார்ந்து சொல்லுங்கள். வெறும் வயிறு போதும் என்று நினைத்து, முந்தின இரவு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனாள் இவள். படம் வீணானது. இதயத்தை மாவுச்சத்திலிருந்து கொழுப்புக்குத் திருப்பினால்தான், ஊசியில் ஏற்றும் சர்க்கரையை அழற்சி உள்ள இடம் மட்டும் இழுத்துக் காட்டுமாம். அடுத்த தடவை முந்தின நாள் முழுக்க முட்டை, கறி, நெய்தான். அப்புறம் இரவெல்லாம் பட்டினி. படத்தில் அறைகளுக்கு நடுச்சுவர் பளிச்சென்று தெரிந்தது.

நுரையீரல் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: சார்காய்டோசிஸ் என்று தெரிந்த எல்லோரிடமும் படபடப்பு, மயக்கம் உண்டா என்று கேளுங்கள், ஓர் இசிஜியும் எடுத்துவிடுங்கள். இதயத் தொந்தரவு வெளியே தெரிவது நூற்றில் ஐந்து பேருக்குத்தான். சத்தமில்லாமல் உள்ளே இருப்பது அதைவிடப் பல மடங்கு.

இப்போது அவளுக்கு ஸ்டீராய்டு குறைந்துகொண்டே வருகிறது, வாரம் ஒருமுறை எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து, தோளுக்குக் கீழே ஐசிடி. அடுத்த ஸ்கேன் வரும் மாதம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் கணவர்