அலங்காரம் மறுநாள் குழம்பாகட்டும்

மயிலாடுதுறை,
கார்த்திகை 2

அன்புத் தோழிக்கு,

உன் மெயில் வந்தது. வாட்ஸாப்பில் குரல் பதிவாக அனுப்பாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாயே, அதற்கே உனக்கு ஒரு சொட்டு டிகிரி காபி தரவேண்டும்.

முதலில் நம்மூர் சேதி. ஐப்பசி கடைசி நாள் கடைமுகத்தன்று காவிரித் துலாக்கட்டத்தில் முழுக்குப் போடக் கால் வைக்க இடமில்லையாம். என் முழங்கால் அந்த நெரிசலைத் தாங்காது என்று நேற்று முடவன் முழுக்குக்குத்தான் போனேன். ஐப்பசி முழுவதையும் தவறவிட்டு, நடக்க முடியாமல் வந்து சேர்ந்தவனுக்காக ஈசன் கார்த்திகை முதல் தேதியையும் சேர்த்துக் கொடுத்தாரே, அது முட்டிவலிக்காரிகளை மனதில் வைத்துத்தான் என்பது என் கட்சி. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. குறுவைதான் படுத்திவிட்டது. அறுக்கிற நேரத்தில் மழை. ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள். அண்ணன் நெல்லை ரோட்டில் கொட்டிக் கிளறுவதும், மேகம் கறுத்தால் தார்ப்பாய் போட்டு மூடுவதுமாக இருந்து ஒரு வழியாக ஏற்றிவிட்டார். சம்பா பச்சை பிடித்து நிற்கிறது.

இப்போது உன் கவலைக்கு வருகிறேன். நவம்பர் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி சொல்லும் நாள், மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், மேசையை ஜோடிக்க வேண்டும், நாலு பதார்த்தம் நம் கையால் செய்யவேண்டும் என்று உன் மகள் சொல்லிவிட்டாள். இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? விளைந்தது வீடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லிச் சாப்பிடும் சாப்பாடு என்றால் காவிரிக்கரையில் பிறந்தவளுக்கு யார் பாடம் எடுக்க வேண்டும்?

கடையில் ஜிகினா மாலையும் பிளாஸ்டிக் இலையும் வாங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடச் சொல். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தை நினைத்துப்பார். கங்கைகொண்ட சோழபுரத்தில் அத்தனை பெரிய லிங்கத்தையே சோற்றால் மூடுகிறார்கள். நம்மூர்ப் பக்கத்துச் சிவன் கோயில்களில் சோற்றின் மேல் புடலங்காய், கத்தரிக்காய், பழம் என்று ஜோடிக்கிறார்கள். பிறகு அந்தச் சோறு பிரசாதமாக நம் கைக்கு வருகிறது, மிச்சம் ஆற்று மீனுக்குப் போகிறது. குப்பைக்குப் போவது எதுவுமில்லை. உன் மேசைக்கும் அதுதான் சட்டம்: அதில் வைப்பதெல்லாம் மறுநாள் குழம்புக்கு ஆகவேண்டும்.

அங்கே இப்போது பரங்கிக்காய்க்குத்தான் காலம். பெரியது ஒன்று, நீளக் கழுத்துள்ள பட்டர்நட் பரங்கி இரண்டு, ஆப்பிள், முழுப் பட்டை, சோளக்கதிர் என்று நடுவில் அடுக்கு. அலங்காரத்துக்கென்றே விற்கும் குட்டிச் சுரைக்காய்களை மட்டும் வாங்காதே, வாயில் வைக்க முடியாத கசப்பு என்று அங்கே இருக்கும் என் நாத்தனார் மகள் சொல்கிறாள். தொட்டிச் சாமந்தி இந்தப் பருவத்தில் கடைக்குக் கடை கிடைக்குமாம். அது போதும், ரோஜாவைத் தேடி அலையாதே.

வாழையிலை ஆசியக் கடைகளில் உறையவைத்துக் கிடைக்கும். தலைவாழையாக நுனியோடு வராது, மடித்த துண்டுகளாகத்தான் இருக்கும். உறைபதம் விட்டபின் துடைத்து, அடுப்புத் தணலில் லேசாகக் காட்டினால் கிழியாமல் வளையும். அதை மேசையின் நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அதன்மேல் காய்களை வை. ஆளுக்கொரு இலை போட்டு அவர்களைக் கையால் பிசையச் சொல்லிச் சோதிக்காதே, தட்டு இருக்கட்டும். போன தடவை நீ புடவையில் சுற்றிக்கொண்டு போன நாச்சியார்கோவில் விளக்கைப் பூஜை அலமாரியிலிருந்து இறக்கு. கறுப்பு மரப்பலகையில் அரிசிமாவைக் கரைத்து இழைக்கோலம் போட்டு, காய்ந்ததும் விளக்கை அதன்மேல் வை. காவிரி வண்டல் மணலில் வார்ப்பு எடுத்த விளக்கு என்று சொன்னால் விருந்தாளிகளுக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

சமையலில் நாலுக்கு மேல் போகாதே. வான்கோழியை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

பரங்கிக்காய்ப் பால் கூட்டு கட்டாயம். பட்டர்நட்டைத் தோல் சீவி, துண்டு போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு உப்போடு வேகவை. குழைய விடாதே. ஒரு துண்டு வெல்லம், ஒரு டம்ளர் காய்ச்சிய பால், கெட்டியாக ஒரு ஸ்பூன் அரிசிமாவைக் கரைத்து விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய் தாளி. காரம் ஆகாதவர்களும் இதைச் சாப்பிடுவார்கள்.

கிரான்பெர்ரி என்கிற அந்தப் புளிப்புப் பழத்தைப் பார்த்து மிரளாதே. சர்க்கரை போட்டுக் கிண்டித்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள், நீ தொக்காகப் போடு. நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் பழத்தைக் கொட்டினால் அதுவே பட்பட்டென்று வெடித்துக் குழையும். உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், கடைசியில் சிறிது வெல்லம். எண்ணெய் பிரிந்தால் முடிந்தது. மாங்காய்த் தொக்கின் அக்காள் தங்கைதான். மிஞ்சினால் உனக்குத் தயிர்சாதத்துக்கு ஆச்சு.

மசித்த உருளைக்கிழங்குக்குப் பதில் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கும்பகோணம் கடப்பா. உனக்குக் கைவந்ததாயிற்றே. பன்னுக்கும் ரொட்டிக்கும் பொருத்தமாக இருக்கும், தேங்காயோடு பச்சைமிளகாயை மட்டும் குறைத்து அரை.

இனிப்புக்குத் திருவையாற்று அசோகா. ஒரு டம்ளர் பாசிப்பருப்பை வறுத்துக் குழைய வேகவைத்து, கால் டம்ளர் கோதுமை மாவை நெய்யில் சிவக்க வறுத்துச் சேர்த்து, இரண்டு டம்ளர் சர்க்கரை, முக்கால் டம்ளர் நெய். சர்க்கரை விழுந்ததும் இளகும், பயப்படாமல் கிண்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். முந்தைய நாளே செய்துவிடலாம் என்பதுதான் இதில் பெரிய சௌகரியம். அவர்களுடைய ‘பம்ப்கின் பை’ என்கிற பரங்கிக்காய் இனிப்பு வேறு வருமே என்கிறாய். வரட்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. எது முதலில் காலியாகிறது என்று எனக்கு எழுது.

மேசையைப் படம் எடுத்து அனுப்பு, மறுநாள் குழம்பையும் சேர்த்து. தை பிறப்பதற்குள் வந்துவிடுவாய் அல்லவா? வரும்போது கிரான்பெர்ரி காய்ந்ததாகவாவது ஒரு பாக்கெட் கொண்டு வா, சர்க்கரை சேர்க்காதது கிடைத்தால் நல்லது. மருமகள் வற்றல் குழம்பில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று இப்போதே நிற்கிறாள்.

உன் பழைய
பெஞ்சுத் தோழி