கரி வந்து இறங்கும் தெரு

அன்புள்ள கண்ணா,

கார்டிஃபில் ரூம் கிடைத்துவிட்டது, ரைஸ் குக்கரும் வாங்கிவிட்டாய். சாப்பாட்டுக் கவலை எனக்கு விட்டது. ஒரு சனிக்கிழமை மட்டும் எனக்காக ஒதுக்கு. ட்ரீஹெர்பர்ட் போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ட்ரியார்க்கி வரும். அங்கே இறங்கி அரை மணி நடந்தால் நான் வளர்ந்த கூம்பார்க். 'கூம்' என்றால் வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷில் பள்ளத்தாக்கு. அந்தப் பக்கத்துக்கே ரோந்தா என்று பெயர். எழுத்தைப் பார்த்து ரோண்டா என்று சொல்லிவிடாதே, சிரிப்பார்கள். நம் 'ந்த' அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

1969இல் உன் தாத்தா அங்கே டாக்டராகப் போனபோது எனக்கு ஏழு வயது. அந்தப் பள்ளத்தாக்குகளில் வேலை பார்க்க உள்ளூர் டாக்டர்கள் அவ்வளவாக வரவில்லை. அதனால் நம் பக்கத்து டாக்டர்கள் நிறையப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் நிலக்கரிச் சுரங்கம் 1966லேயே மூடிவிட்டது, ஆனாலும் யாரைக் கேட்டாலும் சுரங்கப் பேச்சுதான்.

பக்கத்து வீட்டில் வயதான தம்பதி. பாட்டியை அங்கே 'மம்கி' என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்த வீட்டுத் தாத்தா சுரங்கத்திலேயே காலம் கழித்தவர். ஓய்வு பெற்றவர்களுக்கும் வீட்டுக்குக் கரி கொடுப்பார்கள். லாரி வந்து வாசலில் குவியலாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். வீடுகள் எல்லாம் ஒட்டியொட்டி ஒரே வரிசை. கரியை வாளி வாளியாக அள்ளிப் பின்கட்டில் சேர்க்க வேண்டும். தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஓடுவோம். அந்தத் தாத்தா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நடுநடுவே இருமல் வரும். வந்தால் லேசில் நிற்காது. ஒரு வாளியைத் தூக்க அவருக்கு மூச்சு போதாது. நுரையீரலில் படிந்த கரித்தூளை ஊரே 'டஸ்ட்' என்று ஒரே வார்த்தையில் சொல்லும். உன் தாத்தா அவரைப் பார்த்துவிட்டு வரும் ராத்திரிகளில் சரியாகச் சாப்பிட மாட்டார். "நான் என்னத்தை எழுதிக் கொடுக்க" என்று அம்மாச்சியிடம் சொல்வார்.

கரியை வெட்டி வெட்டித்தான் கரியைத் தூக்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கவனமெல்லாம் கூலியில். மற்ற பிள்ளைகளுக்குச் சில்லறை. டாக்டர் மகள் காசு வாங்கக் கூடாது என்பது அம்மாச்சியின் உத்தரவு. அதனால் மம்கி எனக்கு வெல்ஷ் கேக் தருவாள். நம் தோசைக்கல் மாதிரி கனமான இரும்புக் கல்லில் உலர்திராட்சை போட்டுச் சுட்டது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று. கரிக் கையோடேயே தின்பேன். உண்மையைச் சொன்னால், சில்லறை வாங்கியவர்கள்தான் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

அப்புறம் மழை. நீயும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய். சில மலை தள்ளி அபர்வான் என்று ஓர் ஊர். 1966 அக்டோபரில் அங்கே சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது. 144 பேர் போனார்கள், 116 பேர் குழந்தைகள். நாங்கள் போனபோது அது நடந்து மூன்று வருஷம்தான். விடாமல் மழை பெய்கிற நாளில் அம்மாச்சி சேலை நனைய என் பள்ளி வாசலுக்கு வந்துவிடுவாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து அம்மாக்கள் குடையோடு நிற்பார்கள். எதற்கு வந்தோம் என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அம்மாச்சிக்கு இங்கிலீஷும் சரியாக வராது. ஒருத்தி குடையைக் கொஞ்சம் நகர்த்தி இவளுக்கும் பிடிப்பாள்.

மார்ச் 1, செயின்ட் டேவிட் நாளில் பெண் பிள்ளைகள் பழைய வெல்ஷ் உடையில் வர வேண்டும். கட்டம் போட்ட ஏப்ரனுக்கு அம்மாச்சி ஒரு செட்டிநாட்டுச் சேலையை வெட்டிவிட்டாள். டீச்சர் தொட்டுப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டார்!

மலையிலிருந்து ஆடுகள் இறங்கி வந்து குப்பைத் தொட்டியை உருட்டும். இன்னும் வருகின்றனவா பார், கையில் சாண்ட்விச் இருந்தால் ஜாக்கிரதை. முடிந்தால் எங்கள் வரிசையின் பின்பக்கச் சந்துக்கும் போ. கரி போட்டு வைக்கும் சின்ன அறையை அங்கே 'குட்ச்' என்பார்கள். மம்கி என்னைக் கட்டிக்கொள்வதற்கும் அதே வார்த்தைதான் சொல்வாள். அது இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

அம்மா