சென்ட்ரலை வரைய மார்கழிக்கு வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜூன் லீவில் வந்து சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை வாட்டர்கலரில் வரையப்போவதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட் போடுமுன் இதைப் படித்துவிடு.

அந்த முகப்பு ஏறக்குறைய தெற்கு பார்த்தது. சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூனில் சூரியன் 23 டிகிரிவரை வடக்கே ஏறிவிடும். நாள் முழுக்க வெயில் கட்டடத்தின் முதுகில்தான் விழும். முகப்பில் வெளிச்சமும் நிழலும் பிரியாமல் சிவப்புச் சுவர் அட்டைப்பெட்டி மாதிரி தட்டையாகிவிடும். மார்கழியில் காலை எட்டரைக்கு எதிரே ஜி.எச். (அரசுப் பொது மருத்துவமனை) பக்கம் நின்று பார், வெயில் உன் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் வலது ஓரத்தில் நிழல் கத்தரித்து வைத்தாற்போல நிற்கும். அந்த நிழல்தான் படம், சிவப்பு வெறும் சாக்கு.

1873-ல் ஜார்ஜ் ஹார்டிங்கின் வடிவமைப்பில் எழுந்த கட்டடம். மணிக்கூண்டு பின்னர் ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் சேர்த்தது. நீளமாகப் படுத்திருக்கும் கட்டடத்தில் எல்லாவற்றையும்விட நிமிர்ந்து நிற்பது அதுதான், அதிலிருந்தே தொடங்கு. கை நீட்டிப் பென்சிலால் அதன் உயரத்தை அளந்து, அதே அளவில் அகலம் எத்தனை மடங்கு என்று எண்ணிக்கொள். நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தைச் சரிபார். கூண்டு ஒரு நூல் சாய்ந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் முழுச் சுவருக்கும் வெளிறிய யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), வெள்ளைப் பட்டைகளை மட்டும் விட்டுவிடு. நன்றாகக் காய்ந்தபின் லைட் ரெட் என்ற செங்கல் சிவப்பு. நிழலுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் என்ற ஆழ்நீலமும் கலந்து ஒரே வீச்சில் போடு. திரும்பத் தேய்த்தால் அடிச் சிவப்பு கரைந்து சேறாகும். கறுப்பு வேண்டவே வேண்டாம். பட்டைகளைக் காக்க மாஸ்கிங் ஃப்ளூயிட் (நிறம் ஏறாமல் தடுக்கும் ரப்பர் திரவம்) தடவினால் வெயிலில் விட்டுவைக்காதே, தாளோடு சேர்ந்து உரிந்துவரும்.

மெயின் ஸ்டேஷனுக்கும் புறநகர் ரயில்கள் புறப்படும் மூர் மார்க்கெட் வளாகத்துக்கும் நடுவே பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறதே, அதற்குத் தனித்தாள் வை. தண்ணீர் என்றதும் நீலத்தை எடுத்துவிடாதே. ரா அம்பர் என்ற பழுப்பில் கொஞ்சம் பச்சை, மேலே வானத்தின் வெளுப்பு ஒரு கோடு.

தாளைச் சுமந்து வராதே, பெட்டியில் மடங்கும். 300 ஜிஎஸ்எம் தடித்த தாளை 11-க்கு 15 இஞ்சாக இங்கேயே வெட்டிவைக்கிறேன். பிரஷ்ஷும் ட்யூபும் மட்டும் போதும்.

அன்புடன்,
அப்பா