புது பேக்கிங் போட்டும் ஆயில் ஒழுகுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை நெருங்கிவிட்டது. சபரிமலைக்குச் சொந்தக் காரில் கிளம்புகிறவர்கள் பலர் வீட்டு வாசலிலேயே ஆயிலும் பில்டரும் மாற்றிக்கொள்கிறார்கள். கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர்கள் இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரைக் கழற்றி, ஆயில் கசியாமல் அதன் விளிம்பை அடைக்கும் பேக்கிங்கையும் மாற்றுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் மாற்றிய இடத்திலேயே மறுபடி ஆயில் கசிந்தால் உடனே பழி பேக்கிங் மேல் விழுகிறது. ‘டூப்ளிகேட் கொடுத்துவிட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, மேலே ஒரு டியூப் அனபாண்டு (கசிவை அடைக்கும் பேஸ்ட்) பிதுக்கிக்கொண்டு மலையேறிவிடுகிறார்கள். போலிச் சாமான் இல்லாமல் இல்லை. இருந்தாலும் புதிதாக ஏதாவது மாற்றியவுடன் ஒழுகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாட்டிய விதத்தைத்தான்.

எங்கள் கம்பம் ஊர்த் தெருவில் ஒரு சொட்டும் விழாத வண்டி, மலையடிவாரத்து லோயர்கேம்ப் தாண்டி குமுளி மலைச்சாலையில் ஏறும்போது ஒழுகுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவது கியரில் இன்ஜின் திணறி இழுக்கும்போது பிஸ்டனைத் தாண்டி கீழே இறங்கும் வாயு அதிகமாகி, உள்ளழுத்தம் கூடுகிறது. ஆயில் சூடேறித் தண்ணீராக இளகுகிறது. வண்டி மூக்கைத் தூக்கி நிற்பதால் டேப்பெட் கவருக்குள் இருக்கும் ஆயில் பின்பக்கம் தேங்குகிறது. கை நுழையாத அந்தப் பின்பக்க மூலையில்தான் பேக்கிங் சரியாக உட்காராமல் போவதும் வழக்கம். சில வண்டிகளில் அதற்கு நேர் கீழே சைலன்சர் மேனிபோல்டு இருக்கிறது. சொட்டு அதன் மேல் விழுந்தால் முதலில் புகை, துரதிர்ஷ்டமானால் தீ.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது. ஆயில் மேலே கசிந்து கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டு விழும் இடம் கடைசி இடமே தவிர, கசியும் இடம் அல்ல. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சேம்பரில் ஈரம் என்று சேம்பர் பேக்கிங்கை மாற்றுவதும், டேப்பெட் கவர் கசிந்தபடியே இருப்பதும் இப்படித்தான். இன்ஜின் ஆறியதும் டீசலோ பிரேக் கிளீனரோ கொண்டு முழுவதும் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். சந்தேகமான இணைப்புகளில் முகப் பவுடரைத் தூவி, கீழே பழைய பேப்பரை விரித்து, 15 நிமிடம் ஓட விடுங்கள். பவுடர் கறுத்து நனைந்த இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ அதுதான் மூலம். அடியில் படுத்துப் பார்ப்பதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும்.

டேப்பெட் கவரில் நடக்கும் தவறுகள் கொஞ்சமல்ல. பழைய பேக்கிங்கின் துணுக்கு, காய்ந்த பேஸ்ட், எண்ணெய்ப் படலம் ஆகியவற்றைக் கவரின் பள்ளத்திலிருந்தும் அது உட்காரும் இன்ஜின் ஹெட்டின் முகத்திலிருந்தும் முழுவதும் எடுக்க வேண்டும். ஹெட் அலுமினியம், ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் விழும் கீறலே அடுத்த ஒழுகலுக்கு வாய்க்கால். பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டினால் போதும். போல்ட் துளைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் துணியில் ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் போல்ட் அடியிலுள்ள ஆயிலில் முட்டி இறுகியதுபோல் காட்டும், கவர் இறுகியிருக்காது.

ரப்பர் பேக்கிங்குக்குப் பேஸ்ட் வேண்டாம். வெறுமனே மாட்ட வேண்டும். பேஸ்ட் தேவைப்படுவது டைமிங் கவரும் ஹெட்டும் சந்திக்கும் மூலைகளிலும், கேம் ஷாப்ட்டைப் பிடித்திருக்கும் மூடியின் (கேப்) படி போன்ற இடங்களிலும் மட்டுமே. அங்கேயும் 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கோடு போதும். சுற்றிலும் அப்பினால் ரப்பர் வழுக்கிப் பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடும். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து, உடைந்து, சேம்பரில் இறங்கி, ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். ஒழுகலை நிறுத்தப் போய் இன்ஜினையே இழப்பது இந்த வழியில்தான். பேஸ்ட் போட்டவர்கள் டியூபில் எழுதியிருக்கும் காய்வு நேரத்தையும் படிப்பதில்லை. பெரும்பாலானவை முழுதாக இறுக 24 மணி நேரம் கேட்கும்; மாட்டிய கையோடு ஸ்டார்ட் செய்தால் பச்சைப் பேஸ்டை ஆயில் அரித்துவிடும்.

முறுக்குவதில்தான் அடுத்த குளறுபடி. இந்தப் போல்ட்கள் 6 மில்லிமீட்டர் மரை, 10 நம்பர் ஸ்பேனர். நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரத்துக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று தவணையாக முறுக்க வேண்டும். முறுக்கும் விசை பொதுவாக 8 முதல் 11 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கு உரிய அளவைப் புத்தகத்தில் பாருங்கள். அந்த விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 10 நியூட்டன் மீட்டர் என்பது 10 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ கொடுக்கும் அழுத்தம். அவ்வளவுதான். ‘இன்னும் ஒரு கால் சுற்று’ என்று ஆசைப்பட்டால் அலுமினியத்தில் மரை போய்விடும். பல வண்டிகளில் போல்ட்டின் தோள்பட்டை ஹெட்டில் முட்டி நின்றுவிடும்; அதற்கு மேல் பேக்கிங் அமுங்காது, போல்ட்தான் அறும். போல்ட் தலைக்கு அடியிலுள்ள ரப்பர் வாஷர்களும், ஸ்பார்க் பிளக் குழிகளைச் சுற்றியுள்ள சீல்களும் பேக்கிங்கோடு சேர்த்து மாற்ற வேண்டியவை. அந்தச் சீலை விட்டுவிட்டால் பிளக் குழியில் ஆயில் நிறைந்து வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கசிகிறதா? இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதரைப் பாருங்கள். அந்த வால்வோ குழாயோ பிசினேறி அடைத்திருந்தால் உள்ளே அடைபட்ட வாயு எங்காவது வழி தேடும். புது சீலே ஆனாலும் பிதுக்கிவிடும். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து அந்த வாயில் ஒரு காகிதத்தை வையுங்கள். மெதுவாக உள்ளே ஒட்டினால் நல்லது. புஸ்புஸ்ஸென்று தூக்கி எறிந்தால் பிரீதர் அடைப்பு, அல்லது பிஸ்டன் ரிங் தேய்மானம். இந்த 2 நிமிடச் சோதனையைச் செய்யாமல் மூன்று முறை பேக்கிங் மாற்றுகிறவர்கள் உண்டு. குமுளிப் பக்கத்துப் பட்டறை ஆசான்கள் ஒழுகும் வண்டியில் முதலில் இந்த மூடியைத்தான் திறப்பார்கள்.

பில்டரில் கவனிக்க வேண்டியது ஒன்றே, ஆனால் பெரியது. பழைய பில்டரின் ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் இரட்டை வளையமாகி, ஆயில் அழுத்தம் ஏறியதும் பீறிடும். சிறிய காரில் மொத்த ஆயிலே 3, 3½ லிட்டர்தான்; காலியாக நெடுநேரம் ஆகாது. பழைய பில்டரைத் திருப்பி, வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகே தூக்கிப் போடுங்கள். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் முறுக்கி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம்.

ஆயிலை வடிக்க சேம்பரின் அடியில் கழற்றும் டிரெயின் போல்ட்டின் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. பழையதையே போட்டு, ஒழுகுகிறது என்று ஸ்பேனரில் குழாயை மாட்டி முறுக்கினால் சேம்பர் மரைதான் பலி. சிறிய கார்களில் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் ஏறக்குறைய 14 கிலோ அழுத்தம். ஆயிலை அதிகம் ஊற்றுவதும் ஒழுகலுக்குக் காரணம். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான கேஜில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர். மேல்கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழலும் கிராங்க் ஷாப்ட் அதைக் கடைந்து நுரையாக்கும். ஓட்டிவிட்டு நிறுத்தி 5 நிமிடம் கழித்து, சமதளத்தில் பாருங்கள்.

கிராங்க் ஷாப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் கிராங்க் சீலை மாற்றுவது வாசல் வேலையல்ல. செய்தே தீருவோம் என்பவர்கள் சீலின் ஸ்பிரிங் ஆயில் பக்கம் பார்க்கிறதா, உதட்டில் ஆயில் தடவியாயிற்றா, ஷாப்ட்டில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று மூன்றையும் பார்க்கட்டும். பள்ளம் விழுந்த ஷாப்ட்டில் புது சீல் நிற்காது.

வேலை முடிந்ததும் நேரே மலைக்குப் போகாமல், முதலில் கூடலூர் வரை ஓட்டிவிட்டு வந்து பேப்பரைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 மில்லி. இருபது நாளில் கேஜின் மேல்கோடு கீழ்க்கோட்டுக்கு வந்துவிடும். சொந்த இன்ஜினுக்கு மட்டுமல்ல கேடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வளைவில் சிந்திய ஆயில், பின்னால் வரும் இருசக்கர வண்டியைச் சறுக்கி விழ வைக்கும்.

வடித்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றுவதும் நடக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இருக்கிறது. பழைய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். வாசலில் ஆயில் மாற்றுகிறவருக்கு அப்படி ஒருவரை எங்கே தேடுவது என்று தெரியாது. நகராட்சிகள் பேருந்து நிலையம் அருகே ஒரு பீப்பாயாவது வைத்து, வாரம் ஒருமுறை அனுப்பி வைக்கலாம்.

உதிரிபாகக் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆயில் பில்டர் கேட்டு வருகிறவரிடம் டிரெயின் வாஷரையும், டேப்பெட் பேக்கிங் கேட்பவரிடம் போல்ட் ரப்பரையும் பிளக் குழிச் சீலையும், கேட்காமலே எடுத்து மேசை மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
கம்பம், தேனி மாவட்டம்.