எங்கள் தெருச் சீட்டுக்கும் ஒரு பதிவு எண் கொடுங்கள்

தமிழ்நாடு பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கும், மாவட்டங்களில் சீட்டுப் பதிவைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகப் பவர் டேபிள், அதாவது மோட்டார் தையல் மெஷின், தைக்கிறேன். போன மாதம் எங்கள் கம்பெனியில் சேமிப்பு பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். பங்கு, பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட் என்று பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முடிந்ததும் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "உன் காசு எதுல இருக்கு?" என்று கேட்டேன். "சீட்டுலதான்க்கா" என்றாள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்காவது அதே பதில்தான் இருந்திருக்கும். ஆனால் வகுப்பில் சீட்டு என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை. எங்கள் பணம் இருக்கும் இடத்தைப் பற்றி யாருமே எங்களிடம் பேசுவதில்லை என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் நடந்த ஏலச் சீட்டைச் சொல்கிறேன். இருபது பேர், மாதம் 5,000, இருபது மாதம். சீட்டுத் தொகை ஒரு லட்சம். முதல் மாதம் ஏலம் கிடையாது, அந்த மாதத் தொகை முழுக்கச் சீட்டு நடத்துகிற அக்காவுக்கு. அவருக்கு வேறு கமிஷன் இல்லை. இரண்டாம் மாதத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் ஏலம். ஒரு லட்சத்தில் யார் அதிகமாகத் தள்ளுகிறாரோ, அதாவது விட்டுக்கொடுக்கிறாரோ, அந்த மாதச் சீட்டு அவருக்கு. மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய ஒருவர் 24,000 தள்ளி எடுத்தார். அவர் கைக்கு 76,000. தள்ளிய பணம் இருபது பேருக்கும் ஆளுக்கு 1,200 கழிவு, அதனால் அந்த மாதம் நாங்கள் கட்டியது 3,800தான். மாதம் போகப்போகத் தள்ளு குறையும். கடைசிவரை பொறுத்திருப்பவர் மொத்தம் 88,000 போலக் கட்டி ஒரு லட்சம் வாங்குவார். கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டிக்குப் பக்கம் வரும்.

அவசரக்காரருக்கு ஜாமீன் கேட்காத கடன், பொறுத்திருப்பவருக்கு நல்ல வட்டி. இரண்டும் ஒரே நோட்டில். ஆஸ்பத்திரிச் செலவு வந்த மாதமே அதுவரை கட்டியதைவிடப் பெரிய தொகையை எடுக்க, எங்களுக்குத் தெரிந்து வேறு எந்தச் சேமிப்பும் விடாது. நகைக்கடைச் சீட்டு இருக்கிறது, சரி. ஆனால் அது பதினோரு மாதத்தில் நகையாக முடிந்துவிடும். பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் கம்பெனிச் சட்டப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்பதால் அந்தக் கணக்கு. அதில் அவசரத்துக்கு ரொக்கம் எடுக்க முடியாது.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதலிலேயே சீட்டு எடுத்த மூன்று பேர், கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் போனதும் பத்தாம் மாதம் ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. தன் செயினை விற்று நாலு மாதம் அவர்கள் பங்கையும் சேர்த்துக் கட்டினார். பதினாலாம் மாதம் நாங்கள் திண்ணைக்குப் போனபோது நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அதுவரை கட்டியது 55,000 சொச்சம். சிறுகச்சிறுக 15,000 திரும்பக் கொடுத்திருக்கிறார். காவல் நிலையத்தில், "பதிவு செஞ்ச சீட்டா? ரசீது இருக்கா?" என்று கேட்டார்கள். எங்களிடம் இருந்தது நாற்பது பக்க நோட்டும் அதில் அக்கா போட்ட டிக்கும்தான். நான் புகாரை எழுதிக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் சட்டத்தின் முன்னால் பதிவில்லாத சீட்டு நடத்திய குற்றவாளி அவர்தான்.

1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தை அதற்குப் பிறகுதான் ஆள் வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. சீட்டு எடுத்தவர் மீதித் தவணைக்கு ஜாமீன் தர வேண்டும். இது மட்டும் எங்கள் திண்ணையில் இருந்திருந்தால் அக்காவின் செயின் போயிருக்காது. ஏலத்தில் குறைந்தது இரண்டு சந்தாதாரர் இருக்க வேண்டும், நடந்ததை எழுதி வைக்க வேண்டும். தகராறு என்றால் கோர்ட்டுக்கு அலையாமல் பதிவாளரிடமே போகலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தனி ஆள் மூன்று லட்சம் வரை சீட்டு நடத்தலாம், நடத்துகிறவர் எடுக்கக்கூடிய கமிஷனின் உச்சவரம்பும் ஐந்திலிருந்து ஏழு சதவீதம் ஆகியிருக்கிறது.

அப்படியானால் அக்கா ஏன் பதிவு செய்யவில்லை? ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு ஒரு லட்சத்தையே பதிவாளர் பெயரில் வங்கியில் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைவிட அதிக மதிப்புக்கு அரசுப் பத்திரம் தர வேண்டும். கையில் ஒரு லட்சம் இருந்தால் அவர் எதற்குச் சீட்டு பிடிக்கப் போகிறார்? வைப்புத்தொகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் போனவள் நான், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் பெரிய கம்பெனிக்கும் திண்ணைக்கும் ஒரே மாதிரி வைத்தால் திண்ணை உங்கள் பக்கமே வராது. மகளிர் குழுக் கூட்டமைப்பு அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்கும் வழி ஒன்றை அரசுக்குப் பரிந்துரையுங்கள். மத்தியச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள்.

எங்கள் லைனில் தைக்கும் பாலக்காட்டுப் பெண் கே.எஸ்.எஃப்.இ.யில் சிட்டி கட்டுகிறாள். கேரளாவில் சீட்டுக்கு அந்தப் பெயர். 1969இலிருந்து கேரள அரசே நடத்துகிற நிறுவனம் அது. சிட்டி போட்டிருக்கிறேன் என்று சொல்லும்போது அவள் குரலில் பயம் இல்லை. நாங்கள் சொல்லும்போது இருக்கிறது.

இன்னொன்று உடனே செய்யக்கூடியது. பதிவான சீட்டுகளின் பட்டியலைத் தமிழில், பெரிய எழுத்தில், சார்பதிவாளர் அலுவலக வாசலிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் நின்று படித்துவிட்டுப் போவோம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு எங்கள் தெருவில் புதுச் சீட்டு ஒன்று தொடங்குகிறார்கள். மறுபடியும் இருபது பேர், மாதம் 3,000. என்னையும் கேட்டிருக்கிறார்கள். பதிவு செய்துவிட்டுத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களும் சரி என்கிறார்கள். எந்த அலுவலகத்தில், யாரிடம், என்னென்ன காகிதத்தோடு வர வேண்டும் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு தையல் தொழிலாளி