மன்னர் ஓடியது மட்டும்தான் காரணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழில் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய கட்டுரை படித்தேன். மன்னரையும் தேர்ந்தெடுத்த அவையையும் சேர்த்து ஆளவைத்த 1791 அரசமைப்பு கவிழ்ந்ததற்கு மன்னர் பதினாறாம் லூயியின் ஓட்டமே காரணம் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த ஜூனில் வேஷம் மாற்றிக் குடும்பத்தோடு தப்பப் பார்த்து, வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டவரை யார் நம்புவார்கள்? வாஸ்தவம்தான். ஆனால், அவர் ஓடாமல் இருந்திருந்தாலும் அந்த ஏற்பாடு நின்றிருக்காது என்பது என் கட்சி.

1789 செப்டம்பர் 10 அன்று, ஒரே அவை போதும் என்று, அந்த அரசமைப்பை எழுதிக்கொண்டிருந்த தேசிய மன்றம் முடிவெடுத்தது. மன்றத்தின் மிதவாதிகளான மூனியே போன்றோர் கேட்ட மேலவை, பிரபுக்களுக்குக் கொல்லைப்புற வாசலாகிவிடும் என்ற பயம். மறுநாளே, சட்டங்களை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை (வீட்டோ) மன்னருக்குக் கொடுத்தது. அடுத்து வரும் இரண்டு அவைகளும் அதையே மறுபடி நிறைவேற்றினால்தான் அந்தத் தடை நீங்கும். ஓர் அவையின் ஆயுள் 2 ஆண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், புரட்சிக் காலத்தில் அவ்வளவு நாள் யார் பொறுத்திருப்பார்கள்? அவையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போக மன்னருக்கு அதிகாரமில்லை. அவை உறுப்பினர் அமைச்சராகவும் கூடாது. முட்டிக்கொண்டால் நடுவே நின்று பேச ஆளே இல்லை.

எங்கள் பக்கத்து வளவு வீடுகளில் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் ஓடு மாற்ற முடியாது. எங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டில் இரண்டாம் கட்டின் உத்தரமே இறங்கிவிட்டது. தேக்குத் தூணில் மழைத்தண்ணீர் வடிகிறது. வாசல் பூட்டு மட்டும் பத்திரம்.

நாட்டை விட்டு ஓடிய பிரபுக்கள் மீதும், அரசமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த பாதிரியார்கள் மீதும் கொண்டுவந்த ஆணைகளை 1791 கடைசியில் லூயி நிறுத்திவைத்தார். சட்டப்படி அவர் செய்தது சரியே. ஜனங்களோ 'வீட்டோ துரை' என்று பட்டம் கட்டினார்கள். 1792 ஆகஸ்ட் 10 அன்று மன்னர் வசித்த துய்லரி அரண்மனைக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். அரசமைப்புக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

நம் அரசமைப்பின் 111ஆவது பிரிவு இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தது என்பதையும் பார்க்கவேண்டும். பண மசோதா தவிர மற்றவற்றைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பலாம். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றிவிட்டால் ஒப்புதல் தர மறுக்க முடியாது. (ஆளுநர்கள் கதை தனி. அதை இங்கே இழுக்கவில்லை.)

கட்டுரை அடுத்த வாரமும் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். லூயியின் குணத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, 1789 செப்டம்பர் விவாதங்களையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காரைக்குடி.